பலகைக்கு ஒரு கூடு

எங்கள் வீட்டுக் கூரையில் காற்றுக்குக் கிளம்பிய ஒரு தகரச் சீற்றைத் திருப்பி ஆணி அறைய ஏறி, என் கணவர் விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டார். தலையைத் திருப்புவார், தோளை ஆட்டுவார், கைகளைக் கொஞ்சம் தூக்குவார். விரல்கள் சொல் கேட்பதில்லை, நெஞ்சுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஆறு வருடமாகிறது. ஆறு வருடமாக நான் பயந்துகொண்டே இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இனிச் சொல்லப்போவது ஒரு சின்னக் கணினிக்குக் கூடு வாங்கிய கதை. பயத்தைச் சொல்லாவிட்டால் ஒரு பெட்டி வாங்க இவ்வளவு பாடா என்று சிரிப்பீர்கள்.

வீடு முள்ளியவளைப் பக்கம். நான் முல்லைத்தீவில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். ஸ்கூட்டியில் இருபது நிமிடம். காலை எட்டுக்கு வெளிக்கிட்டால் திரும்ப ஐந்தாகும். இடையில் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு தரம் வந்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, தண்ணீர் பருக்கி, சோறு தீத்திவிட்டுப் போவார். அந்த அக்கா இல்லாவிட்டால் நான் வேலையை எப்போதோ விட்டிருப்பேன்.

போன மாசியில் ஒரு நாள் நான் வேலையால் வந்து பார்க்கிறேன், கட்டிலின் கால்மாட்டில், அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு நல்லபாம்பு. திறந்திருந்த யன்னல் கம்பியால் வந்திருக்கிறது. அவர் கண்ணை மூடாமல் கிடக்கிறார். நான் கத்தவும் அது தன்பாட்டில் வந்த வழியே போய்விட்டது.

“ஒரு மணித்தியாலமா ரெண்டு பேரும் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்,” என்றார். “அதுவும் அசையேல்லை, நானும் அசையேல்லை. நல்ல பொருத்தம்.”

அவருக்குப் பகிடி. நான் அன்று இரவு முழுக்க விளக்கை அணைக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போகும்போது அந்த அறையின் இரண்டு யன்னலையும் இறுக்கிச் சாத்தினேன். கதவின் கீழே இருந்த இடைவெளிக்குப் அவர் உடுத்த பழைய சாரம் ஒன்றைச் சுருட்டி வைத்தேன். உள்ளே வந்துபோகிறவர்கள் அதைத் திரும்ப வைக்க வேண்டும் என்று அக்காவுக்கும் கட்டளை. புழுங்குது என்று அவர் சொல்லிப் பார்த்தார். நான் அழுதேன். அழுதால் அவர் விட்டுக்கொடுத்துவிடுவார். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் அழுதேன். கால்மாட்டில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது, அந்தக் காற்றே காணும் என்றேன்.

கணினி யோசனை அவருடையது. விழுவதற்கு முன் அவர் கடைகளுக்கும் கோயில்களுக்கும் கமரா பூட்டிக் கொடுத்தவர். அவருடைய சாமான் பெட்டிக்குள் சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை கிடந்தது. அது ஒரு முழுக் கணினி என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. அதில் ஒரு கமராவைப் பூட்டி அறையில் வைத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் என் போனுக்கு வருமாம்.

“பாம்பு வந்தால் நீ கந்தோரில இருந்தே பாக்கலாம்,” என்றார். “வராட்டிலும் பாக்கலாம். உனக்கு அதுதானே வேணும்.”

கடையில் ஆயத்தமாகக் கமரா விற்கிறதே, ஒன்றை வாங்கிக் கொளுவினால் முடிந்ததே என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கனநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் கோபத்தைப் பார்த்தேன். அதனால் நான் அவருடைய கையானேன். அவர் படுத்தபடி சொல்லச் சொல்ல நான் பூட்டினேன், நான் பிடித்துக்கொண்டிருக்க அவர் மடிக்கணினித் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்லத் தட்டினேன். நாலு நாள் சண்டை. “அந்த வயர் இல்லையப்பா, மற்றது. மற்றதெண்டால் அதுக்குப் பக்கத்தில இருக்கிறது. கண் ரெண்டையும் கந்தோரில விட்டிட்டு வந்தனியோ?” ஐந்தாம் நாள் என் போனில் முதல் படம் வந்தது: கட்டில், கால்மாட்டு விசிறி, தலையணை, அவர், பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு.

படத்தின் மூலையில் ஓர் எண் வரும். அது பலகையின் சூடு. எண்பதைத் தாண்டினால் அது களைத்துவிடும் என்றும், எண்பத்தைந்தைத் தொட்டால் எரிந்துபோகாமல் தானே நின்றுவிடும்படி எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னார். கரண்ட் போனாலும் படம் அனுப்ப ஒரு சிம்மும் ஒரு சின்னப் பற்றரியும் அதற்கு இருந்தன. எல்லாம் யோசித்துச் செய்திருந்தார். படத்தில் ஒரே ஒரு சிக்கல்தான், அது அவராலேயே தீர்க்க முடியாதது. அவர் அசையாதவர். இந்தப் படத்துக்கும் போன படத்துக்கும் வித்தியாசம் இருக்காது. கந்தோர் மேசைக்குக் கீழே போனை ஒளித்து வைத்துப் பார்க்கும் எனக்கு, படம் நின்றுவிட்டதா, அவர் நின்றுவிட்டாரா என்று தெரியாது. இதைச் சொல்லி நான் அழுதபோது, இடைக்கிடை முகத்தை மற்றப் பக்கம் திருப்புகிறேன் என்றார். அதன்பிறகு நான் நாள் முழுக்க அவருடைய மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் மூன்று கிழமை பலகை வெறும் உடம்போடு மேசையில் கிடந்தது. ஒருநாள் அதன் மேல் பல்லி ஓடியது. இன்னொரு நாள் வயர் பூட்டும் துளைகளுக்குள் எறும்பு. பல்லி ஈரக் காலோடு மிதித்தால் சரி, பலகை முடிந்தது என்றார் அவர். எனக்கு அது போதும். சனிக்கிழமை அக்காவை வீட்டில் இருத்திவிட்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் என் வயதுக்காரர். கண்ணாடி மேசையில் மூன்று கூடுகளை எடுத்து வைத்தார். ஒன்று நாலு பக்கமும் மூடிய வெள்ளைப் பிளாஸ்டிக். இரண்டாவது பக்கமெல்லாம் துளை விட்டு, மேலே சின்ன விசிறி பூட்டியது. மூன்றாவது கறுப்பு அலுமினியம். முதுகில் சீப்புப் பல் மாதிரி வரிவரியாக மேடு, பக்கங்கள் திறந்தபடி.

“அக்கா, எங்க வைக்கப் போறியள்?”

“அறைக்குள்ள.”

“யன்னல் துறந்த அறையோ, பூட்டின அறையோ?”

“பூட்டினது.”

“அப்ப அலுமினியத்தை எடுங்கோ. சூட்டை அது தன்ர உடம்பால வெளியில விடும். விசிறியெண்டால் தூசி இழுக்கும், ஒருநாள் இறுகி நிண்டிடும். இந்த வெள்ளை ஏசி அறைக்குத்தான் சரி.”

என் கணவரும் போனில் இதையேதான் சொன்னார். மூடினதை மட்டும் வாங்கி வராதே என்று இரண்டு தரம் சொன்னார். நான் மூன்றையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அலுமினியத்தின் பக்கத்தில் இருந்த திறப்புக்குள் என் சுண்டுவிரல் போனது. சுண்டுவிரல் போகும் இடத்தில் பல்லிக்குஞ்சு போகாதா? விசிறி நின்றுவிடும் என்கிறார். நின்றால் யார் பார்ப்பது? வெள்ளைக் கூட்டில் ஒரு எறும்புகூட நுழைய வழியில்லை. சூடு கண்ணுக்குத் தெரியாது, பல்லி தெரியும். எனக்குத் தெரிந்ததற்குத்தான் நான் பயப்படுவேன். வெள்ளையை வாங்கினேன்.

அந்தக் கூட்டுக்குள் போன பலகை இரண்டாம் நாள் பகல் பன்னிரண்டேகாலுக்கு நின்றது. கடைசிப் படத்தில் எண் எண்பத்துநாலு. முகம் யன்னல் பக்கம். நான் அழைத்தேன். அவருடைய போன் நெஞ்சின் மேல் ஒரு பட்டியில் கட்டியிருக்கும், மடங்கிய விரல் முட்டியால் தட்டிப் பேசுவார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் பொய் சொல்லி அரை நாள் லீவு எடுத்து, ஸ்கூட்டியில் பறந்து, கேற்றைத் திறந்தபடி போட்டுவிட்டு உள்ளே ஓடினால் அவர் என்னைப் பார்த்து முழிக்கிறார். போன் பட்டியிலிருந்து நழுவிக் கழுத்தடியில் கிடந்தது.

“நான் சாகேல்லை, பலகைதான் செத்திருக்கு,” என்றார். “சொன்னனான் தானே, மூடினதை வாங்காதையெண்டு.”

அந்தக் கிழமை மட்டும் மூன்று தரம் இப்படி ஓடினேன். மூன்று தரமும் பலகைதான். மூன்றாம் தரம் லீவு கேட்டபோது மேலதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அதற்கடுத்த சனிக்கிழமை திரும்ப வவுனியா. கடைக்காரர் அலுமினியத்தை எடுத்துத் தந்தார், அவர் சிரிக்காததுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

அலுமினியம் நல்லாகத்தான் இருந்தது. எண் எழுபதைத் தாண்டவில்லை. கடைக்காரர் சொன்னபடி அது சூட்டை வெளியே விட்டது, தொட்டால் சுடும். என் கணவர் அதை மெச்சிக்கொண்டே இருந்தார். நான் ஒரு கிழமை ஓரளவு சந்தோசமாக வேலை செய்தேன். அதோடு விட்டிருக்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கை கிரவல் ரோட்டு. மணல் ஏற்றும் உழவு இயந்திரம் ஒன்று போனால் அரை மணிக்குச் செந்தூள் பறக்கும். யன்னலைச் சாத்தினாலும் அது எப்படியோ வரும். கறுப்புக் கூட்டின் வரிகளுக்கிடையில் சிவப்பாகப் படிந்திருந்தது. எங்கள் வீட்டில் ரீவீக்கு உறை இருக்கிறது, கிரைண்டருக்கு இருக்கிறது, தையல் மெசினுக்கு இருக்கிறது, ஒரு காலத்தில் ரேடியோவுக்கும் இருந்தது. அம்மா வீட்டிலும் அப்படி, மாமி வீட்டிலும் அப்படி. காசு கொடுத்து வாங்கிய ஒரு சாமானை உடுப்பில்லாமல் விட எங்களுக்கு மனம் வராது. பழைய நைலக்ஸ் சேலை ஒன்றை வெட்டி, ஓரத்துக்குச் சுருக்கு வைத்து, வயர் வர ஒரு துளை விட்டு, கமராக் கண்ணுக்கு இன்னொரு துளை விட்டு உறை தைத்தேன். நீல நிறம். அக்கா வந்து பார்த்துவிட்டு வடிவாயிருக்கு தங்கச்சி என்றார். என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கழற்றச் சொன்னார். மெல்லிய துணிதானே என்றேன். எண் எழுபத்தாறுக்கு ஏறியது. எண்பது வந்தால் கழற்றுகிறேன் என்றேன். அடுத்த கிழமை எண்பதும் வந்தது, பலகை இரண்டு தரம் நின்றும் போனது. அப்போதும் நான் கழற்றவில்லை. இன்னும் மெல்லிய துணியாகப் பார்த்து வேறொன்று தைக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டிருந்தேன். பலகை நிற்பது இப்போது எனக்குப் பழகிவிட்டது.

அன்று அக்கா இல்லை. பளையில் ஒரு செத்த வீடு. விடியவே சொல்லிவிட்டுத்தான் போனார். நான் ஒரு மணிக்கு வந்து அவருக்குச் சாப்பாடு தீத்துவதாக ஏற்பாடு. பதினொன்றரைக்குப் படம் நின்றது. மூலையில் எண்பத்துநாலு. முகம் சுவர்ப் பக்கம்.

அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. போன் நழுவியிருக்கும் என்று நினைத்தேன். உறைதான் வேலை காட்டியிருக்கிறது என்று நினைத்தேன். இதை எத்தனையோ தரம் மனதுக்குள் திருப்பிப் பார்த்துவிட்டேன்: ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மணியும் பயந்துகொண்டிருந்த நான், அன்று முக்கால் மணி நேரம் பயப்படவில்லை. கோவைகளை அடுக்கினேன். தேத்தண்ணீர் குடித்தேன். பசளைக்கு விண்ணப்பம் கொடுக்க வந்த ஒருவரோடு கதைத்தேன். அவர் எங்கள் பக்கத்து ஆள். துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

“கந்தோர் குளிராயிருக்குத் தங்கச்சி. எங்கட பக்கம் எட்டரையிலயிருந்து கரண்ட் இல்லை. லைன் வேலையாம். பின்னேரந்தானாம் வரும்.”

எட்டரையிலிருந்து கரண்ட் இல்லை. பலகைக்குப் பற்றரி இருந்தது, அது படம் அனுப்பிக்கொண்டே இருந்தது, அதனால் எனக்குத் தெரியவில்லை. அவருடைய கால்மாட்டு விசிறிக்குப் பற்றரி இல்லை. மூன்று மணி நேரம் ஆடாமல் நிற்கும் விசிறியைத்தான் நான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் போனில் பார்த்திருக்கிறேன். அதன் இதழ்கள் தெளிவாகத் தெரிந்திருக்கின்றன. நான் எண்ணையும் மூக்கையும் மட்டும் பார்த்தேன்.

ஆருக்கும் சொல்லாமல் எழும்பினேன். ஸ்கூட்டிச் சாவி கையில் பிடிபடவில்லை. வழியில் ஒரு மாட்டுக் கூட்டம் றோட்டைக் கடந்தது, நான் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. கடவுளே, கடவுளே என்று வாய் சொல்லிக்கொண்டே வந்தது. அவருக்கு முதுகுத்தண்டு போனபோது ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் சொன்னது மனதுக்குள் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டபடி வந்த அந்த வழியில்தான் நினைவு வந்தது: இவருக்கு இனி நெஞ்சுக்குக் கீழே வேர்க்காது, வெக்கையில் வைக்காதேயுங்கோ, உடம்பு தன்னைத்தானே ஆத்தாது. ஆறு வருடம் யன்னல் திறந்திருந்ததால் அதைப் பற்றி யோசிக்க வேண்டி வரவில்லை. யன்னலைச் சாத்திய நாளில் நான் பாம்பை மட்டுந்தான் யோசித்தேன்.

கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த வெக்கையை என்னால் சொல்ல முடியாது. மேலே சீற்றுக்கூரை, இரண்டு யன்னலும் சாத்தி, காற்று என்று ஒன்றே இல்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். நான் உள்ளே போய், கண்கள் பாதி மூடியிருந்த அவரைத் தொட்டேன். தோல் உலர்ந்து கொதித்தது. என்னவோ சொன்னார், விளங்கவில்லை, வேறு யாரோ ஒருவரின் குரல் மாதிரி இருந்தது.

பிறகு நடந்தவற்றை என் கைகள்தான் செய்தன. யன்னல்களைத் தள்ளித் திறந்தேன். அம்புலன்சுக்கு அழைத்தேன். கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளிவந்து சாரங்களை நனைத்துக் கழுத்திலும் கமக்கட்டிலும் தொடையிடுக்கிலும் போட்டேன். மெத்தை ஊறி நிலமெல்லாம் தண்ணீர். சுளகு எடுத்து வீசினேன். வீசிக்கொண்டே அவரை ஏசினேன், ஏன் என்று கேட்டால் தெரியாது, கத்தினால் அவர் திரும்பி ஏதாவது சொல்லுவார் என்று நினைத்திருப்பேன். கடைசியில் “தண்ணி” என்றார். அந்த ஒரு சொல் விளங்கியது.

ஆஸ்பத்திரியில் நாலு நாள். இன்னும் அரை மணி போயிருந்தால் என்று டொக்டர் தொடங்கும்போதே நான் தண்ணீர்ப் போத்தலை நிரப்ப எழும்பிவிட்டேன். இப்போது அந்த அறையின் இரண்டு யன்னலும் திறந்துதான் கிடக்கின்றன. கம்பிக்கு வெளியே நெருக்கமான இரும்பு வலை அடித்திருக்கிறது. விசிறிக்கு ஒரு பெரிய பற்றரி. நீல உறையைக் கிழித்து அடுப்புத் துணியாக்கிவிட்டேன். இப்போது பலகையின் எண் அறுபதுக்கு மேல் போவதேயில்லை. பாம்புக்கு இன்னும் பயம்தான். பாம்பு வலையைக் கடக்காது என்று எத்தனை பேர் சொன்னாலும் நான் வேலையால் வந்தவுடன் முதலில் அலுமாரிக்குப் பின்னால்தான் பார்க்கிறேன்.

அந்தச் சூட்டை அந்த எண் எனக்கு எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை யோசித்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கைக்கடக்கமான ஒரு பலகை அந்த அறையில் இருக்கமுடியாமல் திரும்பத் திரும்ப நின்றது. அதற்கு ஒரு நல்ல கூடு தேடி நான் இரண்டு தரம் வவுனியாவுக்குப் போய்வந்தேன்.

ஒரு பின்னேரம் அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். நல்ல காற்று. யன்னலால் வயல் தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அண்டைக்கு நீ கதவைத் துறந்து வந்தது எனக்கு நினைவிருக்கு தெரியுமோ?”

“உங்களுக்கு அப்ப அறிவில்லை.”

“இருந்தது. கதைக்கத்தான் ஏலாமப் போச்சு. சுவரோரத்து அலுமாரிக் கண்ணாடியில உன்னைப் பாத்தனான். நீ நேர மேசைக்குப் போனனீ. உறையைக் கழட்டி, அதைத் தொட்டுப் பாத்து, ‘சனியன் பிடிச்ச சாமான்’ எண்டு ஏசினனீ. பிறகுதான் என்னட்டை வந்தனீ.”

மேலே நான் உள்ளே போய் அவரைத் தொட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். டொக்டருக்கும் அக்காவுக்கும் அப்படித்தான் சொன்னேன், உங்களுக்கும் அப்படித்தான் சொன்னேன். அவர் சொன்னதுதான் நடந்தது.

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. பகிடியாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். சவர அலகு அவருடைய தொண்டையில் இருந்தது. அதை எடுத்துத் தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டேன். பாதி மழித்த முகத்தோடு அவர் காத்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய நெற்றியில் உள்ளங்கையை வைத்தேன், குளிர்ந்துதான் இருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை.